தொடங்கும் முன்னே எழுதி ஒட்ட வேண்டிய ஒரு வரி

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஊசல் ப்ராஜெக்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். 50 சென்டிமீட்டர் நூல், ஊசல் ஒருமுறை போய்வர ஆகும் நேரத்தைப் பத்து முறை அளந்ததாக ஓர் அட்டவணை. பத்துக் கட்டத்திலும் 1.42 விநாடி. கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து அளந்தால் பத்தும் ஒரே எண்ணாக வரவே வராது. "நிஜமாவே அளந்தியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "அளந்தேன் மிஸ். 1.31, 1.55ன்னு வேற வேற வந்துச்சு. தப்புன்னு மார்க் குறைப்பீங்கன்னு ஃபார்முலால போட்டுட்டேன்."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுவரை எட்டு வருடமாக நான் மதிப்பெண் போட்ட விதம்தான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தது. புத்தகத்தில் உள்ள விடை வந்தால் முழு மார்க், சார்ட் அழகாக இருந்தால் இன்னும் கொஞ்சம். ஒரே ஊசலை ஒரே ஆள் அளந்தாலும் எண் மாறுகிறது என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்திருந்தான். அதைத்தான் அழித்துவிட்டு வந்திருந்தான்.

அதற்கடுத்த பதினோரு வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அமைத்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் கொடுக்கும் ஆசிரியருக்கும், வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உதவும் பெற்றோருக்கும் பயன்படும். ஆறு வாரம் இருந்தால் போதும். முதல் இரண்டு வாரம் கேள்விக்கே போய்விடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

முறை முழுவதும் ஒரே ஒரு வரியைச் சுற்றித்தான் நடக்கிறது. சோதனையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் இப்படி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என்னிடம் தரவேண்டும்: "இது நடந்தால் எங்கள் எண்ணம் தப்பு என்று ஒப்புக்கொள்வோம்."

முதல் வகுப்பில் ஒரு விளையாட்டு

அந்த வரி ஏன் வேண்டும் என்று விளக்கிச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். விளையாட வைத்தால் மறக்க மாட்டார்கள். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் வெளியிட்ட சோதனை இது. கரும்பலகையில் 2, 4, 6 என்று எழுதுங்கள். "என் மனசுல ஒரு விதி இருக்கு. இந்த மூணு எண்ணும் அந்த விதிக்குப் பொருந்தும். நீங்க வேற மூணு எண் சொல்லுங்க, பொருந்துதா இல்லையான்னு மட்டும் சொல்றேன். விதி என்னன்னு நல்லாத் தெரிஞ்ச பிறகு கையைத் தூக்குங்க" என்று சொல்லுங்கள். விதியை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மடித்து மேசையில் வைத்துவிட வேண்டும். நடுவில் நீங்கள் விதியை மாற்றிவிட்டீர்கள் என்ற சண்டை வராது.

பிள்ளைகள் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். 100, 102, 104. பொருந்தும். "இரண்டு இரண்டாகக் கூடும்!" என்று பாதி வகுப்பு கையைத் தூக்கும். இல்லை என்று சொன்னதும் முகம் மாறும். மடித்த தாளில் இருக்கும் விதி, "ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிடப் பெரியது" என்பது மட்டுமே. 1, 7, 90 என்றாலும் பொருந்தும்.

இப்போது அவர்கள் சொன்ன எண்களைப் பலகையில் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட எல்லாமே 'ஆமாம்' என்ற பதிலை எதிர்பார்த்துச் சொன்னவை. 6, 4, 2 என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. 2, 4, 7 என்றுகூடக் கேட்கவில்லை. 'இல்லை' என்ற பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்காதவரை அவர்கள் தங்கள் யூகத்தைச் சோதிக்கவே இல்லை, அதற்குத் துணை தேடிக்கொண்டிருந்தார்கள். இது முடிந்த கையோடு உறை விஷயத்தைச் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

தலைப்பைக் கேள்வியாக்குவது

பிள்ளைகள் முதலில் தலைப்போடுதான் வருவார்கள். 'ஒலி', 'மண் அரிப்பு', 'சூரிய சக்தி'. தலைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பதிலாக ஒரு வாரம் கண்ணில் பட்டதையெல்லாம் கேள்வியாக எழுதிவரச் சொல்கிறேன், ஓர் ஆளுக்குப் பத்து. முதல் நான்கைந்து கேள்விகள் புத்தகத்திலிருந்து வரும். ஏழாவது எட்டாவதில்தான் சொந்தக் கேள்வி எட்டிப் பார்க்கும். "பாட்டு கேட்டுக்கிட்டே படிச்சா நல்லா ஏறுதுன்னு அக்கா சொல்றா, உண்மையா?" என்று ஒரு பெண் எழுதிவந்தாள்.

இது நல்ல விதை, ஆனால் இப்படியே சோதிக்க முடியாது. 'நல்லா ஏறுது' என்றால் எதை அளப்பது? 'பாட்டு' என்றால் வரிகள் உள்ளதா, வெறும் இசையா? நான்கு நாள் பேசிப் பேசி அந்தக் குழு வந்து சேர்ந்த கேள்வி இது: தொடர்பில்லாத 20 சொற்களை 3 நிமிடம் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதும்போது, பாட்டு வரிகள் காதில் விழுந்துகொண்டிருந்தால் எழுதும் சொற்களின் எண்ணிக்கை குறையுமா? இந்த நான்கு நாள் பேச்சை நீங்கள் சுருக்கிவிடக் கூடாது. கேள்வியை நீங்களே செதுக்கிக் கொடுத்தால் மீதி எல்லாம் உங்கள் ப்ராஜெக்டாகிவிடும்.

ஒரு கேள்வி தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இரண்டு விதமான விடையும் வர வாய்ப்பு இருக்கிறதா? பேக்கிங் சோடாவில் வினிகர் ஊற்றினால் பொங்குமா என்பதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். அது செய்துகாட்டல். சின்ன வகுப்புக்கு அழகாக இருக்கும், பதினைந்து வயதுக்குப் போதாது.

மனிதர்களை வைத்துச் செய்யும் சோதனை என்றால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். கலந்துகொள்கிறவரின் சம்மதம், அவர் சின்னவர் என்றால் பெற்றோர் சம்மதம், குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண், நடுவில் வேண்டாம் என்றால் விட்டுவிடும் உரிமை. பூஞ்சை வளர்க்கும் குழு டப்பாவை ஒட்டியபடியே பார்க்க வேண்டும், திறக்கவே கூடாது, அப்படியே அப்புறப்படுத்த வேண்டும்.

ஒன்றும் செய்யாத சோதனை

எனக்கு இந்த முறையிலேயே மிகப் பிடித்த பகுதி இது. செடிக்குப் பாட்டு போட்டால் நன்றாக வளரும் என்று நம்பிய மூன்று பேர் குழு ஒன்று இருந்தது. ஒரே பொட்டலத்து விதைகள், இரண்டு தட்டு, தட்டுக்கு 50 விதை. ஒன்றுக்குப் பாட்டு, மற்றதற்கு இல்லை. "எவ்வளவு வித்தியாசம் வந்தால் பாட்டுதான் காரணம் என்பீர்கள்?" என்று கேட்டேன். "ரெண்டு மூணு விதை கூட முளைச்சாலே போதும் மிஸ்" என்றார்கள்.

சரி, முதலில் பாட்டே இல்லாமல் இரண்டு தட்டையும் வையுங்கள், என்ன வருகிறது பார்ப்போம் என்றேன். ஒரே தண்ணீர், ஒரே இடம். ஐந்து நாள் கழித்து ஒரு தட்டில் 46 முளைத்திருந்தது, இன்னொன்றில் 41. யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் ஐந்து விதை வித்தியாசம். மூவரும் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய 'ரெண்டு மூணு விதை' அங்கேயே அடிபட்டுப்போயிற்று.

அதன் பிறகு அவர்கள் உறையில் எழுதியது: "பாட்டு கேட்ட தட்டில் குறைந்தது 10 விதை கூடுதலாக முளைக்காவிட்டால், அதுவும் இரண்டு தடவை செய்தும் அப்படி வராவிட்டால், எங்கள் எண்ணம் தப்பு." இந்த எண்ணுக்கு எப்படி வந்தார்கள் என்பதை அவர்களால் சொல்ல முடிந்தது. புள்ளியியல் படிக்காத பிள்ளைக்குத் தற்செயல் வித்தியாசம் என்றால் என்ன என்று காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. எந்தச் சோதனையானாலும் முதலில் ஒரு முறை, எதையும் மாற்றாமல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து இன்னொரு குழு வந்து, பாட்டுத் தட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஜன்னல் ஓரமாக இருப்பதைக் காட்டியது. வெயில் அங்கேதான் விழுகிறது. பாட்டா, வெயிலா? அன்றிலிருந்து தினமும் தட்டுகள் இடம் மாறின, பாட்டு இல்லாத தட்டின் பக்கத்திலும் அணைத்துவைத்த ஸ்பீக்கர் ஒன்று வந்தது. இதை நான் முதல் நாளே கவனித்திருந்தேன். சொல்லாமல் இருந்தேன். சக மாணவன் கண்டுபிடித்துச் சொல்லும்போது அது தன்மானப் பிரச்சினையாகி, மறுநாளே சரியாகிவிடுகிறது.

ஊசல் வாரம்

சொந்தச் சோதனைக்குப் போகும் முன் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு வாரம் ஊசலைச் செய்கிறோம். நூல், நட்டுகள், ஸ்டாப்வாட்ச் போதும். அந்த 1.42 பையனுக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுதான்.

முதல் நாள், எடை கூடினால் ஊசல் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா, அப்படியே இருக்குமா என்று ஒவ்வொருவரும் எழுதி வைக்கிறார்கள். அப்புறம் ஓர் அலைவை, அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்தை மட்டும் அளக்கச் சொல்கிறேன். எண்கள் சிதறி விழும். ஏன்? ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் ஏறத்தாழ 0.2 விநாடி முன்பின் போகும். 1 மீட்டர் ஊசலின் அலைவுக்காலம் 2 விநாடிதான், அதில் 0.2 என்றால் பத்தில் ஒரு பங்கு பிழை. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்து 20-ஆல் வகுத்தால் அதே 0.2 இப்போது 40 விநாடிக்குள் அடங்கிப்போகும். கருவியை மாற்றாமலே அளவு துல்லியமாகிறது. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு பீரியட் கொடுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கண்டுபிடிப்பார்.

இரண்டாம் நாள் எடை. பெரும்பாலும் ஏதாவது ஒரு குழு, எடை கூடினால் ஊசல் மெதுவாகிறது என்று நிரூபித்துக்கொண்டு வரும். எண்களும் சுத்தமாக இருக்கும். புத்தகமோ எடைக்கும் அலைவுக்காலத்துக்கும் தொடர்பில்லை என்கிறது. இங்கே ஆசிரியர் "தப்பாக அளந்திருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அவர்கள் அளந்தது சரியே. நட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒவ்வொரு நட்டும் சேரும்போது எடையின் மையம் கீழே இறங்குகிறது, அதாவது ஊசலின் நீளமும் கூடவே கூடுகிறது. எடையை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டை மாற்றியிருக்கிறார்கள். எல்லா நட்டுகளையும் ஒரே கொக்கியில் பக்கம் பக்கமாக மாட்டினால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்ற பாடம், அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு வேறு மாதிரிதான் பதிகிறது.

நீளத்துக்கு வரும்போது, நீளம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்றுதான் எல்லோரும் எழுதியிருப்பார்கள். ஆகாது. 1 மீட்டருக்கு 2 விநாடி, 1 விநாடி வேண்டுமானால் நூல் 25 சென்டிமீட்டராக வேண்டும், நாலில் ஒரு பங்கு.

கடைசி நாள் கோணம். இதற்காகவே நான் காத்திருப்பேன். ஊசலைச் சிறிதாக இழுத்துவிட்டாலும் பெரிதாக இழுத்துவிட்டாலும் நேரம் ஒன்றே என்று பாடத்தில் படித்திருப்பார்கள். கலிலியோவும் அப்படித்தான் எழுதினார். 10 டிகிரியில் விட்டு 1 மீட்டர் ஊசலின் 10 அலைவுகளை அளந்தால் சுமார் 20 விநாடி. 60 டிகிரியில் விட்டால் 21 விநாடியைத் தாண்டுகிறது. திரும்ப அளந்தாலும் தாண்டுகிறது. 60 டிகிரி வீச்சில் அலைவுக்காலம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பதே உண்மை. சிறிய வீச்சுக்கு மட்டும்தான் அந்த விதி பொருந்தும். வட்டப் பாதையில் ஆடும் ஊசலுக்கு இது சரிப்படாது என்பதைக் கண்டு, எந்த வளைவில் ஆடினால் நேரம் மாறாது என்று 1659-ல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் கணக்கிட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நூலையும் நட்டையும் வைத்துக்கொண்டு கலிலியோவின் கூற்றுக்கு எல்லை எங்கே என்று காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் வகுப்பறையில் ஏறுகிற சத்தத்தை நான் அடக்குவதே இல்லை.

அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது

பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது. விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். அதன் சொந்தக்காரர் ஏமாற்றுக்காரரும் இல்லை. 1907-ல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஒரு காரியம் செய்தார்: கேட்கிறவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்க வைத்தார். குதிரை தோற்றது. கேட்கிறவர் தன்னை அறியாமல் செய்யும் சின்னத் தலையசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்தது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, தட்டுகளின் அடியில் குறியீட்டு எண் ஒட்டச் சொல்கிறேன். முளைத்த விதைகளை எண்ண வேறு குழுவிலிருந்து ஒருவர் வருவார். எது பாட்டுத் தட்டு என்று அவருக்குத் தெரியாது. நேர்மையான பிள்ளைதான் இதை முதலில் எதிர்க்கும்: "நான் பொய் சொல்ல மாட்டேன் மிஸ்." ஹான்ஸிடம் கேட்டவர்களும் பொய் சொல்லவில்லை என்று பதில் சொல்வேன்.

குறிப்பேடும் மதிப்பெண்ணும்

குறிப்பேட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதியதை ஒரே கோட்டால் அடிக்கலாம், கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். தேதி, நேரம், 'இன்று தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டோம்' என்பது உட்பட எல்லாம் அதில் வர வேண்டும். அழகாக மறுபடி எழுதிய நோட்டை நான் வாங்குவதில்லை.

மதிப்பெண் 20-க்கு இப்படிப் பிரிகிறது: கேள்வி 4, உறையில் உள்ள வரி 4, குறிப்பேடு 6, எங்கே தவறியிருக்கலாம் என்று தாங்களே சொல்வது 4, வழங்கும் விதம் 2. முடிவு புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதற்கு ஒன்றுமில்லை. இதை முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுகிறேன். எண்களை மாற்றி எழுதுவதால் ஒரு லாபமும் இல்லை என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் மாற்றுவதில்லை. கொஞ்சம் தாராளமாக மன்னிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 'தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டோம்' என்று எழுதியதற்கு ஒருமுறை திட்டினால், அடுத்த வருடம் யாரும் மறக்க மாட்டார்கள், குறைந்தபட்சம் குறிப்பேட்டில்.

நீங்கள் என்ன பேச வேண்டும்

மிகக் குறைவாக. "எப்படித் தெரியும்?", "வேறு என்ன காரணம் இருக்கலாம்?", "எதைப் பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வாய்?" என்ற மூன்றும் என்னிடம் தேய்ந்துபோன கேள்விகள். கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் பதில்கள் நீளமாகவும் சிந்தித்தும் வருகின்றன என்றும் காட்டினார். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

சிரிக்கக் கூடாது. 1963-ல் இன்றைய தான்சானியாவில் எராஸ்டோ பெம்பா என்ற பள்ளி மாணவன், சூடான ஐஸ்கிரீம் கலவை ஆறிய கலவைக்கு முன்பே உறைவதைப் பார்த்தான். ஆசிரியர் நம்பவில்லை, வகுப்பு கேலி செய்தது. பின்னர் அவன் படித்த பள்ளிக்கு வந்த இயற்பியலாளர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் அதையே கேட்டான். ஆஸ்போர்னும் நம்பவில்லை, ஆனால் தன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய், ஆய்வக உதவியாளரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 1969-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. அந்த விளைவு உண்மையா, எந்தச் சூழ்நிலையில் உண்மை என்பது இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு நான் அதையும் சேர்த்தே சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் யாராவது இரண்டு கிளாஸ் தண்ணீரை ஃப்ரீசரில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

உறையைத் திறக்கும் நாள்

கடைசி வாரம் ஒவ்வொரு குழுவும் முதலில் எண்களைப் பலகையில் எழுதும், பிறகு உறையைத் திறந்து தங்கள் வரியைச் சத்தமாகப் படிக்கும், பிறகு தங்கள் சோதனையின் பலவீனமான இடம் எது என்று தாங்களே சொல்லும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் ஆளைப் பற்றியல்ல, எண்ணைப் பற்றி மட்டும்.

விதைக் குழுவுக்கு முதல் தடவை 43-ம் 44-ம் வந்தது. இரண்டாம் தடவை 45-ம் 42-ம். பாட்டுத் தட்டு ஒருமுறை ஒன்று குறைவு, ஒருமுறை மூன்று கூடுதல். வரியைப் படித்துவிட்டு, "எங்க எண்ணம் தப்பு" என்று அந்தக் குழுவில் ஒரு பெண் சொன்னபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு, "ஆனா நாங்க முளைக்கிறதை மட்டும்தான் பார்த்தோம், வளர்றதைப் பார்க்கலை" என்றாள். அதற்கும் மதிப்பெண் உண்டு.

குறிப்பேடுகளை நான் திருப்பிக் கொடுப்பதில்லை. அலமாரியில் வைத்துவிடுகிறேன். அடுத்த வருடம் வருகிறவர்கள் முதல் பயிற்சியாக அதில் ஒன்றை எடுத்து, எழுதியிருப்பதை மட்டும் பார்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த வருடம் அந்த 20 சொற்கள் சோதனையை எடுத்த குழுவுக்கு எண்கள் ஒத்துவரவில்லை. எந்தச் சொற்களைக் கொடுத்தார்கள் என்று குறிப்பேட்டில் இல்லை. பத்தாம் வகுப்பு வாசலில் நின்று, அந்தச் சோதனையை முதலில் செய்தவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.